காத்தாடி வாங்கப்போகிறவர்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறரை மணிக்கு, இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே நீட்டி, இல்லாத ஒரு கைப்பிடியை இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே ஒருவர் நடந்தால், யோகாசனம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பவர் கைட் வாங்கப்போகிறவர்.

பவர் கைட் என்றால் மொட்டை மாடியில் பையன்கள் விடும் காத்தாடி இல்லை. இதற்குக் குச்சி கிடையாது. மெல்லிய நைலான் துணியில் அறை அறையாகத் தைத்திருப்பார்கள். முன்பக்கத்து வாய்களில் காற்று புகுந்ததும் உப்பி, இறக்கையாக விறைத்து நிற்கும். இருபது மீட்டர் நீளத்தில் கயிறு இரண்டு இருக்கும், இல்லாவிட்டால் நான்கு. சின்னது என்றால் கையை இழுக்கும், பெரியது என்றால் ஆளையே இழுக்கும். அந்த இழுப்பில் மூன்று சக்கர வண்டியில் தாழ உட்கார்ந்து, முன்சக்கரத்தைக் காலால் திருப்பிக்கொண்டு மணலில் பறக்கிற விளையாட்டுக்குப் பெயர் கைட் பக்கி. 1990 வாக்கில் அதை உலகெங்கும் பிரபலமாக்கியவர் நியூசிலாந்தின் பீட்டர் லின்.

நம்மவர் ஓய்வுபெற்ற பொதுத்துறை அதிகாரி. பென்ஷன் வருகிறது, முழங்கால் பரவாயில்லை. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசக் காத்தாடித் திருவிழா நடந்ததே, அங்கே குடும்பத்தோடு போனார். மற்றவர்கள் பஜ்ஜி தின்று திரும்பினார்கள். இவர் ஒரு லட்சியத்தோடு திரும்பினார். அன்றே நோட்டுப் புத்தகம் போட்டாயிற்று. பரப்பளவு, கயிற்றின் தாங்குதிறன், கைப்பிடியா, குறுக்குக் கம்பியா, விலை, சுங்கவரி என்று கட்டம் கட்டிக் கட்டிப் பெண்ணுக்கு ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். இதுவரை ஒன்றும் பொருந்தவில்லை.

ஆலோசனை மட்டும் தாராளம். பூங்காவில் அடையாறு ஐ.டி. பையன் ஒருவன் சிக்கினான்.

"சார், முதல்ல எந்த சைஸ் வாங்கலாம்?"

"எடை எவ்வளவு?"

"எண்பத்திரண்டு கிலோ சார்."

"டிபனுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

பையன் யோசிப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். "ரெண்டு சதுர மீட்டர் போதும். மிஞ்சினா மூணு. கடைக்காரன் அஞ்சைக் காட்டுவான், மயங்கிடாதீங்க. காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா இழுப்பு நாலு மடங்கு. மூணு மடங்கு ஆனா ஒன்பது. ஆடிக் காத்துல அம்மி பறக்கும்னு சும்மாவா சொன்னான்? அம்மி எத்தனை கிலோ தெரியுமா?" பையனுக்குத் தெரியவில்லை. இவருக்குத் தெரியும். வீட்டு அம்மியைத் தராசில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்.

செய்முறை விளக்கம் பெசன்ட் நகரில், ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில். மாலை நாலு மணி. கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கால் செருப்பைக் கழற்றி, அதன் நுனியால் மணலில் அரைக் கடிகாரம் வரைவார். நடு உச்சி பன்னிரண்டு, இடக்கோடி ஒன்பது, வலக்கோடி மூன்று. "காத்தாடி தலைக்கு மேல பன்னிரண்டுல நின்னா சாது. ஒன்பதுலயும் மூணுலயும் ஓரத்துல நின்னாலும் சாது. நேர் எதிர்ல தாழ இறக்கினா முழு இழுப்பு. ஆளைத் தூக்கறது அங்கதான். புதுசா விடறவன் அந்தப் பக்கமே போகப்படாது." சுண்டல் பொட்டலத்துக் காகிதத்தில் ஒரு துணுக்கைக் கிழித்துப் பறக்கவிட்டு, காற்று தென்கிழக்கு என்று தீர்ப்பும் சொல்வார். பாடத்தில் பிழையே கிடையாது. காத்தாடிதான் கிடையாது.

பத்து ரூபாய்க் காத்தாடியோடு பக்கத்தில் நின்ற குப்பத்துப் பையன் ஒருநாள் கேட்டேவிட்டான். "தாத்தா, உன்னுது எங்க?"

"செலக்‌ஷன்ல இருக்குப்பா."

"அதுக்குள்ள காத்து நின்னுடப் போவுது தாத்தா."

மார்கழி வந்தால் சபா கேன்டீன் வரிசையில் சரித்திரப் பாடம். "ஜார்ஜ் போக்காக்னு பிரிஸ்டல்ல ஒரு வாத்தியார். 1826-லயே காத்தாடி இழுக்கற வண்டிக்குப் பேட்டன்ட் வாங்கிட்டான். சாலையில ஓட்டியும் காட்டினான். சுங்கச்சாவடியில இத்தனை குதிரைக்கு இவ்வளவுன்னு கணக்கு. இவன் வண்டியில குதிரையே இல்லை! காசு வாங்க வழியில்லாம விட்டுட்டாங்க. நம்ம ஈ.சி.ஆர். டோல்ல இதைச் சொல்லிப் பாக்கணும்." கீரை வடை எப்போது வரும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது காதில் ஏறாது. அப்போது கடைசி அஸ்திரத்தை எடுப்பார். "பொண்ணு மார்த்தாவை நாற்காலியில உட்காரவெச்சுக் காத்தாடியால மேல தூக்கினவன் சார் அவன். அந்த மார்த்தாவோட பிள்ளைதான் கிரிக்கெட் டபிள்யூ.ஜி. கிரேஸ்!" வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மயிலாப்பூரில் கிரிக்கெட்டைத் தொட்டால் எதுவும் விலைபோகும்.

ஏன் இன்னும் வாங்கவில்லை என்று கேட்டால் மாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. சித்திரையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று நன்றாக வீசும், ஆனால் அதற்குள் மணல் காலைச் சுடும். ஆனி ஆடியில் காலைக் காற்று மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும், பிடித்தவனைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கடலில் இறக்கும். ஆவணியில் காற்று நம்பும்படி இல்லை. ஐப்பசி கார்த்திகை மழை. மார்கழி கச்சேரி. தை மாசியில் பேரன் பேத்தி. பங்குனியில் அறுபத்து மூவர்.

பக்கி வண்டிக்குத் தனிக் காரணம். மெரினா மணல் பொலபொல என்று இருக்கும், சக்கரம் புதையும். தண்ணீர் வடிந்து இறுகிய மணல்தான் அதற்குத் தோது. இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் கடல் வெகுதூரம் பின்வாங்கி அப்படி ஒரு மைதானத்தையே விட்டுவிட்டுப் போகும். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் சுமாருக்குத்தான். மிஞ்சுகிற ஈரப் பட்டையில் ஏற்கெனவே காதலர்கள், குதிரைகள், கால் நனைக்க வந்த குடும்பங்கள்.

அப்புறம் சட்டம். செயற்கை மாஞ்சா நூலுக்கு 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டது. சென்னையில் போலீஸ் அவ்வப்போது லொட்டாயும் மாஞ்சாவுமாக அள்ளிக்கொண்டு போகிறது. தன்னுடைய கயிற்றில் கண்ணாடித்தூள் இல்லை என்று விளக்கி இரண்டு பக்கக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். போலீஸ்காரர் இன்னும் வரவில்லை. கயிறும் வரவில்லை. "2024 வரைக்கும் நடப்புல இருந்த 1934-ஆம் வருஷத்து விமானச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. விமானம்கிறதுல காத்தாடியையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தான். ஆக, நான் வாங்கப்போறது விமானம். விமானம் வாங்கறவன் அவசரப்படுவானா?"

காத்தாடியைத் தவிர மற்றதெல்லாம் வாங்கியாயிற்று. பாண்டி பஜாரில் ஹெல்மெட், ஆடித் தள்ளுபடியில் முட்டிக்கும் முழங்கைக்கும் உறை, தபாலில் காற்றுமானி. ஹால் ஃபேன் மூன்றில் ஓடினால் என்ன வேகம், ஐந்தில் என்ன வேகம் என்று வந்தவர்களுக்கு அளந்து காட்டுவார். காத்தாடியை மண்ணில் கட்டி நிறுத்த வாங்கிய முளை, மாடித் தொட்டியில் அவரைக்கொடியைத் தாங்கி நிற்கிறது. "இவர் வாங்கினதுலயே உருப்படியானது இதுதான்" என்பது வீட்டம்மாவின் கருத்து.

போன முறை அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது பிள்ளை போன் செய்தான். "அப்பா, பெட்டியில இடம் இருக்கு. எந்த மாடல்னு சொல்லுங்க, வாங்கிட்டு வந்துடறேன்." இப்படி ஒரு நெருக்கடியை அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கயிற்றுக் காத்தாடிக்கும் நான்கு கயிற்றுக் காத்தாடிக்கும் சாதக பாதகங்களை ஏழு பக்கத்தில் எழுதி அனுப்பினார். ஆறாவது பக்கம் வரை இரண்டு கயிறு, ஏழாவதில் நான்கு. பிள்ளை பாதாம் பருப்பு வாங்கி வந்தான்.

இவரைக் கேலி செய்யலாமே தவிர, அவர் பேச்சைத் தள்ள முடியாது. எலும்பை முறித்துக்கொள்ளாமல் இந்த விளையாட்டைக் கற்கத் தேவையான எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. முதல் காத்தாடி இரண்டு சதுர மீட்டர், இரண்டு கயிறு. கைப்பிடியை விட்டதும் காத்தாடி காற்றிழந்து படுத்துவிடும்படி மணிக்கட்டில் வார். காற்று மணிக்கு பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் இருந்தால் போதும். மின்கம்பியும் கூட்டமும் இல்லாத இடம், தலையில் ஹெல்மெட். காத்தாடி கைக்கு அடங்கும் வரை பக்கி வண்டிப் பேச்சே கூடாது.

காத்தாடி வாங்கும் ஆசை இருந்தால் அவரைத் தாராளமாகப் போய்ப் பாருங்கள். ஆனால் கேட்ட அன்றே வாங்கிவிடுங்கள். மறுநாள் போனால் நான்கு கயிறு என்பார்.