பூட்டி வச்ச புஸ்தகத்துக்கு இராமபாணந்தான் வாசகர்

வாரும் மருமகனே, இப்படித் திண்ணையில உக்காரும். உம்ம வீட்டுல புதுசா ஒரு கண்ணாடி அலமாரி வந்திருக்காமே? உள்ள லைட்டு எரியுதாமே? எழுத்தாளருங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த பிள்ளைங்க புஸ்தகமா அடுக்கியிருக்காமே? சாவி உம்ம இடுப்புல தொங்குதாமே? உங்க அத்தை மெட்ராஸுக்குப் போயிட்டு வந்து ஒண்ணு விடாமச் சொல்லிட்டா. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நகைக்கடை வச்சிருக்கவன்கூட ராத்திரி சாவியக் கழத்தி ஆணியில மாட்டுவான் வே.

என்ன விசயம்னு கேட்டா, பிள்ளைங்க வளந்து ஆளானதும் ஞாபகார்த்தமா இருக்கும்ங்கீரு. நல்ல யோசனை. குத்தம் சொல்ல மாட்டேன். பிள்ளைக்குச் சேத்து வைக்கதுன்னா சீட்டும் பிளாட்டும்னு நினைக்க தகப்பன்மாரு நடுவுல, புஸ்தகம் சேக்கணும்னு உமக்குத் தோணிச்சே, அதுவே பெரிசு. எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். பிள்ளைக்கு வாங்கின புஸ்தகம்னா அதைப் பிள்ளை ஒரு தரமாவது தொட்டிருக்கணுமில்லா? உம்ம மூத்தவன் என் காதுல வந்து சொல்லுதான்: “தாத்தா, அதுல என்ன கதைன்னு எனக்குத் தெரியாது. தொட்டா அப்பா வைவாரு.”

நம்ம பெரியவங்க சரஸ்வதி பூசைக்குப் புஸ்தகத்தையெல்லாம் அடுக்கி, சந்தனம் குங்குமம் வச்சு, இன்னைக்குப் படிக்கக் கூடாதுன்னு ஒரு நாள் ஒதுக்கினாங்க. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் படிச்சே ஆகணும்னும் சேத்துச் சொன்னாங்க. நீரு முன்பாதியை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டீரு. உம்ம வீட்டுல வருசம் 365 நாளும் சரஸ்வதி பூசை. விஜயதசமி எப்பம்னு பஞ்சாங்கத்துல பாத்துச் சொல்லும்.

“இல்ல மாமா, பின்னால விலை ஏறும்”னு நீரு முணங்குதது காதுல விழுது. அந்தக் கணக்கையும் பாத்துருவோம். ஹாரி பாட்டர் முதல் புஸ்தகம் 1997-ல இங்கிலாந்துல வந்தப்போ, கெட்டி அட்டையில அடிச்சது 500 பிரதிதானாம். அதுல பாதிக்கு மேல நூலகங்களுக்குப் போயிருச்சாம். 2021 கடைசியில அதுல ஒரு பிரதி அமெரிக்காவுல 4,71,000 டாலருக்கு ஏலம் போச்சு. அன்னைக்கு நம்ம ரூபாயில மூணரைக் கோடி. உமக்கு நாக்குல எச்சி ஊறுதில்லா? கொஞ்சம் பொறும். நூலகத்துக்குப் போன பிரதியெல்லாம் என்ன ஆயிருக்கும்? பிள்ளைங்க வரிசையில நின்னு வாங்கிப் படிச்சு, மடக்கி, கசக்கி, சாப்பிட்ட கையால புரட்டி, பிரிச்சு மேஞ்சிருக்கும். அத்தனை பிள்ளைங்க ஆசையாப் படிச்சதாலதான் வே அந்தக் கதைக்கு மவுசு. அத்தனை பேரு கிழிச்சதாலதான் கிழியாததுக்கு விலை. ஊருல உள்ள தகப்பனெல்லாம் உம்மள மாதிரிப் பூட்டி வச்சிருந்தா அந்த 500-ம் அப்படியே இருந்திருக்கும். வாங்கத்தான் ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்.

வியாபாரிங்க இன்னொரு சூட்சுமமும் சொல்லுவாங்க. வெறும் கையெழுத்து மட்டும் இருந்தாத்தான் விக்கதுக்கு லேசு. “இன்ன பிள்ளைக்கு அன்புடன்”னு பேரு போட்டு எழுதிட்டா வாங்க வாரவன் மூஞ்சியச் சுளிப்பான். அதனால நான் சொல்லுதேன், கண்டிப்பா பேரு போட்டே வாங்கும். நாளைக்கு உம்ம மகனுக்குப் பணமுடை வந்தாலும் எடைக்குப் போடத் தோணாது. தன் பேரைத் தானே விக்க எவனுக்கும் கை கூசும். பேரை ஒரு துண்டுத் தாளுல தெளிவா எழுதிக் குடும். மேசைக்கு முன்னால நின்னு கத்திச் சொன்னா, அந்தச் சத்தத்துல ‘முகிலன்’ ‘முகுந்தன்’ ஆயிருவான்.

ஆனா ஒரு புஸ்தகத்துக்கு ஒரு பேருதான். ரெண்டு பிள்ளைங்க பேரையும் ஒரே பக்கத்துல எழுதி வாங்கி, பணத்தை மிச்சம் புடிச்சதா நினைக்காதீரும். நாளைக்கு ரெண்டும் கல்யாணம் முடிச்சுத் தனிக்குடித்தனம் போகும்போது அது யாருக்குச் சேரும்? கிணத்துக்கும் வரப்புக்கும் நடந்த பாகப்பிரிவினையில பஞ்சாயத்துப் பண்ணியே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு. கதைப் புஸ்தகத்துக்கும் பண்ண என்னால ஆகாது.

சரி, யாருகிட்ட வாங்கதுன்னு கேளும். நீரு ஜனவரி ஆனா நந்தனத்துல சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போறீரு. 1977-லேருந்து நடக்கது, போக வேண்டியதுதான். பத்து சதவீதம் தள்ளுபடி வேற. அங்க போயி என்ன பண்ணுதீரு? பிள்ளைங்கள அப்பளக் கடையில உக்கார வச்சுட்டு, நீரு மட்டும் கூட்டத்துக்குள்ள புகுந்து, எழுத்தாளரு பக்கத்துல நின்னு செல்பி எடுத்து, கையெழுத்தும் வாங்கிட்டு வாரீரு. ஞாபகார்த்தம் பிள்ளைக்குங்கீரு. பிள்ளைக்கு அன்னைக்கு ஞாபகத்துல நின்னது அப்பளந்தான்.

வரிசையில பிள்ளை நிக்கட்டும். புஸ்தகத்தை நாலு நாளு முன்னாலயே வாங்கிப் படிக்கக் குடும். படிச்சிட்டு ஒரு கேள்வியோட போகட்டும். “அந்த நாய்க்குட்டி கடைசியில எங்க போச்சு”ன்னு கேக்கட்டும். கேட்ட கேள்விக்குப் பதிலா எழுத்தாளரு ரெண்டு வரி சேத்து எழுதிக் குடுப்பாரு. நீரு வாங்கின கையெழுத்து அலமாரிக்கு ஆகும். பிள்ளை வாங்கின அந்த ரெண்டு வரிதான் ஆயுசுக்கும் ஆகும்.

ஆளுக்கும் பஞ்சமில்ல. சாகித்திய அகாதெமி 2010-லேருந்து பால சாகித்திய புரஸ்கார்னு பிள்ளைங்க இலக்கியத்துக்குன்னே தனிப் பரிசு குடுக்குது. 2023-ல ‘ஆதனின் பொம்மை’க்கு உதயசங்கர் வாங்கினாரு, 2024-ல ‘தன்வியின் பிறந்தநாள்’ எழுதின யூமா வாசுகி, 2025-ல ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்கு விஷ்ணுபுரம் சரவணன். இதுல உதயசங்கர் நம்ம கோவில்பட்டிக்காரரு. நீரு பக்கத்து ஊர்க்காரரைத் தேடி 600 கிலோமீட்டர் தள்ளி இருக்க மைதானத்துல முட்டி மோதுதீரு! இப்பந்தான் மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடக்கே. லீவுக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போனா, கூட்டமும் கம்மி, எழுத்தாளருக்கும் நின்னு பேச நேரமிருக்கும்.

இன்னொண்ணு. படம் போட்ட புஸ்தகத்துல எழுத்தாளரு கையெழுத்தை மட்டும் வாங்கிட்டு ஓடி வந்துருதீரு. படம் போட்டவரு என்ன பாவம் பண்ணினாரு? நாலு வயசுப் பிள்ளை எழுத்தையா பாக்கு? யானையோட வாலத்தான் பாக்கு. ஓவியரைத் தேடிப் புடிச்சுக் கேட்டா, கையெழுத்தோட ஓரத்துல ஒரு குருவியும் சேத்து வரைஞ்சு குடுக்கவங்க உண்டு. மொழிபெயர்ப்பு நூலா இருந்தா மொழிபெயர்த்தவரையும் விடாதீரும். அவங்ககிட்ட யாரும் கேக்கதில்லை. கேட்டா சந்தோசமாப் போட்டுக் குடுப்பாங்க.

காலமான எழுத்தாளருங்க கையெழுத்துக்கு அலையாதீரும். அழ. வள்ளியப்பா 1989-லயே போயிட்டாரு. வாண்டுமாமா 2014-ல. நம்ம கி.ரா. தாத்தா 2021-ல. அவங்க கையெழுத்துன்னு பழைய புஸ்தகக் கடையில எவனாவது நீட்டினா, மையோட நிறத்தைப் பாத்துட்டு அப்புறமா மணிபர்சைத் தொறயும். அவங்க புஸ்தகம் புதுப் பதிப்பாக் கெடைச்சா அதையே வாங்கி வாசிச்சுக் காட்டும். வாசிச்சுக் காட்டினது யாரோ, அவங்க கையெழுத்தை முதப் பக்கத்துல வாங்கி வையும். உங்கம்மா, அதான் என் தங்கச்சி, எத்தனை ராத்திரி உம்ம பிள்ளைங்களுக்குக் கதை சொல்லித் தூங்க வச்சிருக்கா? அவ கையெழுத்து உம்ம அலமாரியில ஒண்ணாவது உண்டா? கையெழுத்துப் போடக் கூச்சப்பட்டான்னா பெருவிரல்ல மை தடவிக் கைநாட்டா வாங்கும். பத்திரத்துல வாங்கினா மட்டும் போதுமா?

இனி பராமரிப்பு. நீரு பண்ணியிருக்க கூத்துல பாதி இங்கதான். கையெழுத்துப் போட்ட பக்கத்தை லேமினேசன் பண்ணினீராமே! அதை இனிப் பிரிக்கவே முடியாது வே. கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் ஒட்டினா, நாலு வருசத்துல அது பழுப்பாகி உதிந்து, பசைக் கறைய மட்டும் விட்டுட்டுப் போகும். அலமாரிக்குள்ள லைட்டு போட்டு வச்சிருக்கீரே, அந்த வெளிச்சந்தான் மையைக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னும். கையெழுத்தை எல்லாருக்கும் காட்டணும்னு லைட்டு போட்டு, கடைசியில காட்டக் கையெழுத்து இல்லாமப் பண்ணிருவீரு போலிருக்கு.

கையெழுத்தை அட்டையில வாங்காதீரும், தேஞ்சு போகும். உள்ள தலைப்புப் பக்கத்துல வாங்கும். வழவழன்னு இருக்க ஆர்ட் பேப்பர்ல ஜெல் பேனா லேசுல காயாது. அவசரத்துல மூடினா எதிர்ப் பக்கத்துல தலைகீழா இன்னொரு கையெழுத்து விழும். கொஞ்ச நேரம் தொறந்தே புடிச்சுக்கிட்டு நடக்கணும். மெல்லிசுத் தாளுல மார்க்கர் பேனா பின்பக்கத்துக்கு இறங்கிரும். சாதாரண பால்பாயின்ட் போதும். வீட்டுக்கு வந்ததும் அதே பக்கத்து அடியில தேதி, ஊரு, அன்னைக்குப் பிள்ளைக்கு என்ன வயசு, என்ன கேட்டான், இதைப் பென்சில்ல எழுதும். பென்சில் எழுத்து வெளுக்காது. இந்தக் குறிப்பு இல்லாட்டா இருபது வருசங் கழிச்சு அது யாரோ யாருக்கோ போட்ட கிறுக்கல்.

அலமாரிய வெளிச்சுவத்தோட ஒட்டி வைக்காதீரும். மழைக்காலத்து ஓதம் ஏறும். பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டினா மெட்ராஸ் புழுக்கத்துல உள்ளேயே வேர்த்துப் பூசணம் புடிக்கும். அந்துருண்டை வேண்டாம், சின்னவன் முட்டாயின்னு வாயில போட்டுருவான், விசம். வேப்பிலைய நல்லாக் காய வச்சுப் போடும். எல்லாத்தையும் விட நல்ல மருந்து ஒண்ணு இருக்கு, காசு கெடையாது: அடிக்கடி எடுத்துப் புரட்டுதது. இராமபாணப் பூச்சிக்கு இருட்டும் அமைதியும் பசையும் புடிக்கும். ஆளு கை படுத புஸ்தகத்துல அது குடித்தனம் வைக்காது. பூட்டுப் போட்ட அலமாரிக்குள்ள வாடகையில்லாம உக்காந்து முழுசாப் படிச்சிரும்.

பூட்டி வச்சா என்ன ஆகும்னு நம்ம சங்கரன்கோவில் பக்கத்துக் கதையே இருக்கு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில்ல வரகுண பாண்டியன் காலத்து ஏடெல்லாம் இருக்குன்னு கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடி வந்தாரு. வந்து கேட்டா, பழைய ஏட்டைக் கண்ட இடத்துல போடக் கூடாது, நெய்யில தோய்ச்சு ஓமத்துல இடணும்னு சாஸ்திரம் பேசி, எல்லாத்தையும் நெருப்புல போட்டு முடிச்சிருந்தாங்க. ‘என் சரித்திர’த்துல அவரு மனசு வெந்து எழுதியிருக்காரு. மரியாதைக்குக் கொறைவே இல்ல, நெய்யும் செலவு பண்ணியிருக்காங்க. படிக்க ஆளில்லாத ஏட்டுக்குக் கெடைச்ச கடைசி மரியாதை அது.

எம் பேத்தி புஸ்தகம் ஒண்ணு காட்டுதேன், பாரும். தலைப்புப் பக்கத்துல எழுத்தாளரு நீல மையில சாய்வா அவ பேரு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. பக்கத்துலயே குழம்புக் கறையோட ஒரு பெருவிரல் ரேகை. அடுத்த பக்கத்துல ராசாவுக்கு மீசை பத்தலைன்னு அவளே பென்சில்ல இழுத்து விட்டிருக்கா. பதினாறாம் பக்கம் கிழிஞ்சு, அரிசி மாவுப் பசை தடவித் தாளு வச்சு ஒட்டியிருக்கு. உங்க அத்தை வேலை. கதைய எந்தப் பக்கத்துல நிறுத்தினாலும் மீதிய அவ பாக்காமச் சொல்லுவா. ஏலத்துல இதுக்கு அஞ்சு ரூவா தேறாது. நீரு மூணரைக் கோடி குடுத்தாலும் அவ தரமாட்டா. கேட்டுப் பாரும்.

எண்ணிக்கையும் ரொம்ப வேண்டாம். வருசத்துக்குப் பிள்ளைக்கு ஒண்ணோ ரெண்டோ போதும், அதுவும் பிள்ளை தேர்ந்தெடுத்ததா இருக்கட்டும். பதினெட்டு வயசுல கையில ஒரு பெட்டி நெறையச் சேந்திரும். அத்தனையும் படிச்சதா இருக்கும்.

அதனால மருமகனே, மெட்ராஸுக்குத் திரும்பினதும் முத வேலையா அந்தச் சாவிய மூத்தவன் கையில குடும். அடுத்த பொங்கலுக்குப் புத்தகக் காட்சிக்குப் போனா, பிள்ளைங்கள வரிசையில விட்டுட்டு, அந்த அப்பளக் கடையில நீரு போயி உக்காரும்.