பம்பு பெரியப்பா

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற கரிசல் காட்டில் ஊருக்கு ஒரு பம்பு பெரியப்பா உண்டு. சொந்தமாக டிராக்டர் கிடையாது. ஸ்பானர் பிடித்த கையும் இல்லை. ஆனால் புரட்டாசி உழவு நேரத்தில் எவன் வண்டியிலாவது ஆயில் லைட்டு சிவப்பாக எரிந்தால், டீக்கடை பெஞ்சை விட்டு எழாமலே தீர்ப்பு வந்துவிடும்: "ஆயில் பம்பு போச்சு மாப்ள."

அளவுக்குச்சியை உருவிப் பார்த்தாயா என்று அவர் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. ஆயில் குறைந்திருக்கலாம். டீசல் கலந்து இளகியிருக்கலாம். லைட்டை எரியவிடும் சுவிட்சே பொய் சொல்லலாம். புழுதி உழவில் ஏர் கிளீனர் வழியாக மண் ஏறி பேரிங் தேய்ந்திருக்கலாம். எல்லாம் சில்லறை நோய்கள். பெரியப்பாவின் அந்தஸ்துக்குக் காணாது.

வைத்தியமும் கைவசம் இருக்கும். "கெட்டி ஆயிலா ஊத்து. ஆயில் சம்ப்பைக் கழட்டி மாட்டும்போது ஒழுகாம இருக்க பேஸ்ட்டைத் தாராளமா அப்பு. கஞ்சத்தனம் பண்ணாத!" கெட்டி ஆயில் ஊற்றினால் ஆயில் அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் ஏறும், தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். ஊருக்கு முள் ஏறினால் போதும். மெக்கானிக் அரை நாள் எடுத்துக்கொள்கிற விஷயத்தை அரை டம்ளர் டீக்குள் முடித்துவைப்பவரை யார் விடுவார்கள்?

போன புரட்டாசியில் லைட்டு எரிந்த ஒரு டிராக்டர், டீக்கடை எதிரே வேப்பமரத்தடிப் பட்டறைக்கு வந்தது. மெக்கானிக் தம்பி வாய் திறக்கவில்லை. ஆயில் அளவு சரி. சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தம் பார்க்கும் கேஜைத் திருகி, எஞ்சினைச் சூடேற்றினான். 1000 சுற்றுக்கு 10 பவுண்டாவது வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. முள் 6-லேயே நின்றது. சட்டென்று அணைத்தான், அந்த அழுத்தத்தில் ஓடவிட்டால் பேரிங் பிடித்துக்கொள்ளும்.

"அப்பவே சொன்னேன்ல, பம்புன்னு?"

"போர்ல தண்ணி இல்லாட்டி மோட்டாரவா மாத்துவீக, பெரியப்பா?"

சம்ப்பை இறக்கிப் பம்பைப் பிரித்தான். பல்சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே ஃபீலர் தகட்டை நுழைத்துப் பார்த்தான், இடைவெளி அளவுக்குள்தான். மூடியில் கீறல் இல்லை. ரிலீஃப் வால்வை அழுத்தினான். ஸ்பிரிங் துள்ளித் திரும்பியது. கடைசியாக ஆயில் உறிஞ்சும் சல்லடையைத் திருப்பினான். வலைக்கண் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ரப்பர் துணுக்குகள். போன வருஷம் சம்ப்பில் தாராளமாக அப்பிய பேஸ்ட், உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்து, உதிர்ந்து, சல்லடையின் வாயை அடைத்திருந்தது.

டீக்கடை மொத்தமும் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

அவர் அசரவில்லை. எழுந்து வந்து ஒரு துணுக்கை எடுத்து, இரு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"பாத்தீகளாப்பா? ஒரு வருஷம் சுடு ஆயில்ல கெடந்தும் அத்துப்போகல. நான் சொன்ன பேஸ்ட்டுன்னா சும்மாவா!"