பைக் மாத்தப் போகிறவர்

இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பைக் மாத்தப் போகிறவர் ஒருவர் இருப்பார். மாத்தி முடித்தவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காசு புரட்டினார்கள், மாத்தினார்கள், மாதாமாதம் லீசிங் கட்டுகிறார்கள். அவ்வளவுதான். மாத்தப் போகிறவர் சங்கதி வேறு. வேவல்வத்தையில் அவர் ஸ்டோரில் வேலை பார்ப்பார். தெரணியகலையில் றப்பர்ப் பால் நிறுக்கும் கணக்கப்பிள்ளையாக இருப்பார். றக்வானையில் பள்ளிக்கூட மாஸ்டர். தொழில் மாறும், தோட்டம் மாறும். பைக் மட்டும் மாறாது.

ஆளைக் கண்டுபிடிப்பது லேசு. வண்டி கண்ணில் படுவதற்கு இரண்டு முடக்குக்கு முன்பே சத்தம் வந்துவிடும். அதைக் கேட்டுத்தான் வீட்டில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். சீட்டுக்கு மேல் மழைக்காக ஒரு சிலிசிலிப் பை. வலது செருப்பு மட்டும் நடுவில் தேய்ந்திருக்கும், கிக்கர் உபயம். சைட் ஸ்டாண்ட் வளைந்துவிட்டதால் அதற்கு அண்டை கொடுக்க ஒரு தட்டைக் கல்லைக் கூடவே கொண்டு போவார். எந்தக் கடை வாசலில் நிறுத்தினாலும் முதலில் கல்லை வைப்பார், பிறகு வண்டியைச் சாய்ப்பார், பிறகு இரண்டடி பின்னால் போய் நின்று விழுமா விழாதா என்று பார்ப்பார். விழாது என்று தெரிந்த பிறகுதான் கடைக்குள் போவார்.

“என்னாண்ணே, இன்னும் இதே வண்டிதானா?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

“இந்த மாசத்தோட சரி தம்பி. மாத்திட வேண்டியதுதான்.”

எந்த மாசம் என்பதில்தான் சிக்கல். தையில் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து. மாசி, பங்குனியில் தோட்டத்துக் கோயில் திருவிழா, வரிப்பணம். சித்திரை வருசத்துக்கு முன்னால் விற்கிறவன் விலையைக் கூட்டுவான். வைகாசி பிறந்தால் மழை. இரத்தினபுரியில் வருசத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது, “இந்த மழையில புது வண்டியக் கொண்டாந்து நனைக்கவா?” ஆடியில் நல்ல காரியம் ஆகாது. தீவாளி அட்வான்ஸ் துணிக்கும் ஆட்டிறைச்சிக்கும் சரியாகப் போய்விடும். கார்த்திகையில் மறுபடி மழை. மார்கழியில் மாரியம்மன் கோயில் பஜனையைத் தவிர வேறு ஒன்றும் புதிதாகத் தொடங்கக் கூடாது. பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிறவர்கள் உண்டு. பஞ்சாங்கம் முழுவதையும் பார்த்து நாளே இல்லை என்று நிரூபித்தவர் இவர் ஒருவர்தான்.

நாட்டு நடப்பும் இவர் பக்கம்தான் நின்றது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அதற்கு முந்தின தீவாளிக்கு நல்ல விலை வருகிறதென்று வண்டியை விற்றுவிட்டு, புது மொடல் வரட்டும் என்று காத்திருந்தவர்களெல்லாம் பஸ் ஹோல்ட்டில் நின்றார்கள். பழைய பைக்குகளின் விலை, அவை புதிதாக இருந்த காலத்து விலையைத் தாண்டி ஏறியது. மாத்தப் போகிறவர் அந்த மாதங்களில் தேத்தண்ணிக் கடையில் அதிகம் பேசவில்லை. வண்டிக்குக் கல்லை வைத்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். அதுவே போதுமாக இருந்தது.

2022 அவருடைய பொற்காலம். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஜூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். பெரிய எஞ்சின் பல்சர்க்காரர்கள் அந்த நாலு லீற்றரை வைத்துக்கொண்டு முழித்தபோது, இவருடைய சீடீ 100 ஷெட்டுக்கும் தோட்டத்துக்கும் போய் வந்து மிச்சமும் வைத்தது. அதிலும் அவர் சிக்கனம் பிடித்தார். மலை உச்சியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் டவுன் வரைக்கும் உருண்டே இறங்குவார். சத்தம் இல்லாமல் வருவதால் முடக்கில் கோழிகளும் கொழுந்துப் பைக்காரிகளும் பதறி ஒதுங்கினார்கள். “எறக்கம் பூரா ஓசி” என்று அவர் சொன்ன கணக்கில் பிரேக் லைனர் சேரவில்லை. அது அடுத்த மாதம் கராஜில் சேர்ந்தது.

கராஜைச் சொல்லாமல் இவர் கதை முடியாது. டவுன் கராஜ் பாஸ் ஒரு சிங்கள மனிதர். பைக் நீலப் புகை கக்கிய நாளில் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவி, “மேக்க விக்குணன்ன எப்பா” என்றார். இதை விற்காதே. இன்னும் போர் பண்ண இடம் இருக்கிறதாம். சிலிண்டரைக் கால் மில்லிமீற்றர் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். அது தேய்ந்தால் இன்னொரு கால். இப்படி ஒரு மில்லிமீற்றர் வரைக்கும் நான்கு படி. இவர் வண்டி மூன்றாவது படியில் இருந்தது. “இன்னும் ஒரு போர் இருக்கு தம்பி” என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். நான்காவதும் முடிந்தபோது பாஸ் புது சிலீவ் இறக்கினார். எண்ணிக்கை மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கியது.

இப்படியே டாங்கி மாறியது, சைலன்சர் மாறியது, முன் ஃபோர்க், ரிம், வயரிங் மாறின. செலவழித்த காசுக்குப் புது வண்டியே எடுத்திருக்கலாம் என்று வீட்டம்மா சொல்வது உண்மைதான். ஆனால் ஒன்றொன்றாகக் கழற்றிப் போட்டதில் பழைய வண்டியில் மிஞ்சியது சேசிஸும் நம்பர் பிளேட்டும் மட்டும். மனிதர் எப்போதோ பைக் மாத்திவிட்டார். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஊரில் யார் வண்டி வாங்கினாலும் பார்த்துச் சொல்ல இவரைத்தான் கூட்டிப்போவார்கள். பலாங்கொடையிலிருந்து ஓர் அப்பாச்சி வருகிறது என்று வையுங்கள். சுற்றி வருவார். முன்சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். குளிர்ந்த எஞ்சினாக இருக்க வேண்டும் என்று கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், வருமுன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கிவிட்டான், என்னவோ மறைக்கிறான் என்று அர்த்தம். கடைசியாக, “புத்தகம் யாரு பேர்ல?” என்பார். எதிராளி ஓப்பன் பேப்பர் என்று வாயெடுத்ததும் எழுந்துவிடுவார். “பேரு மாத்தாத வண்டிய நம்பி வாங்கக் கூடாது.”

அவருடைய வண்டிப் புத்தகம் குருநாகலில் இருக்கும் யாரோ ஓர் ஐயா பேரில் இருக்கிறது. அந்த ஐயா கையெழுத்து வைத்த படிவத்தோடு வண்டி கைமாறிக் கைமாறி இவரிடம் வந்தது. இன்னொரு கைக்குத்தான் போகவில்லை.

சிரிக்கலாம். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அவர் குடியிருக்கிற லயத்துக் காம்பரா தோட்டத்தின் பேரில் இருக்கிறது. கூரைத் தகரம் ஓட்டையானால் கந்தோரில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாசலில் ஒரு வாழைக்கன்று நட்டாலும் துரை கண்ணில் படாத பக்கமாக நட வேண்டும். நாட்கூலிக்காரராக இருந்தால், எந்த மலையில் வேலை, முழுப் பேரா அரைப் பேரா என்பதெல்லாம் பிரட்டுக் களத்தில் வேறொருவர் தீர்மானிப்பது. நாட்சம்பளம் 1,000 ஆனதும் 1,350 ஆனதும் கொழும்பில் முடிவாகின. விற்கவா, வைத்திருக்கவா என்று தன் வாயால் சொல்லக்கூடிய சாமான் அவருக்கு ஒன்றே ஒன்றுதான். மாத்திவிட்டால் அந்த முடிவு முடிந்துபோகும். அப்புறம் அவர் தவணை கட்டுகிற இன்னொரு ஆள். மாத்தாதவரைக்கும் விற்கிறவன், லீசிங்காரன், பாஸ், பெண்சாதி, ஊர் எல்லாரும் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

2025 பெப்ரவரியில் சொந்தப் பாவனை வாகன இறக்குமதிக்கு வழி திறந்தார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் வந்து, “அப்பா, வண்டியப் பாருங்க. தவணைய நான் கட்டுறேன்” என்றான். காரணங்கள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. மழையில்லை, மாதம் நல்ல மாதம், புத்தகம் சொந்தப் பேரில் வரும். இருவரும் இரத்தினபுரிக்குப் போனார்கள். இவர் புது வண்டியில் ஏறி உட்கார்ந்தார், கிக்கரைத் தேடினார். பட்டனை அமர்த்தச் சொன்னார்கள். சத்தமே வரவில்லை என்று குறைப்பட்டார்; ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார்கள். மகன் பேனையை எடுத்தான்.

“பொறு தம்பி” என்றார். “இனி எலக்ட்ரிக் வண்டிதானாமே. இப்பப் போய்ப் பெற்றோல் வண்டியில காசப் போடுறதா?”

மகனுக்கும் அது நியாயமாகப் பட்டது. வீட்டிலேயே சார்ஜ் போடலாம், செலவு குறைவு, ஒயில் மாற்றத் தேவையில்லை. லயத்து வயர் தாங்குமா என்பது மட்டும்தான் கேள்வி. அதற்குக் கந்தோரில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதில் வந்ததும் மாத்திவிடுவார்.