சாப்பாட்டுக்கடை இலக்கணம்: தென்காசி, குற்றாலப் படலம்

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே அல்ல என்று பழைய இலக்கணக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், முதலில் அந்தக் கடமை. இந்நூலின் எல்லை: கிழக்கே தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரம், மேற்கே புளியரைச் சோதனைச்சாவடி, வடக்கே செங்கோட்டை ரயில் நிலையம், தெற்கே பழைய குற்றாலம். நுதலிய பொருள்: குறைந்த செலவில் நிறைந்த வயிறு. கேட்போர்: பசி பெருத்துப் பணம் மெலிந்தோர். பயன்: ஊர் திரும்பப் பஸ்ஸுக்குக் காசு மிஞ்சுதல். யாப்பு: ஈரடிச் சூத்திரமும், அதைப் புரியவிடாமல் செய்யும் உரையும்.

1. இடவியல்

அருவியின் ஓசை கேட்கும் தொலைவில்
இட்லியும் அரும்பொருள், ஆனியும் ஆடியும்.

உரை: உலகத்துச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் இரண்டே வகை. நாளைக்கும் வரப்போகிறவனுக்கு விற்பது ஒன்று. இனி இந்தப் பக்கமே வராதவனுக்கு விற்பது மற்றொன்று. கோயில் பூசையைப் போல முன்னதை நித்தியம், பின்னதை நைமித்திகம் என்க. பேரருவி, ஐந்தருவிப் பக்கம் சீசனுக்கு முளைப்பவை நைமித்திகக் கடைகள். இரண்டு மூன்று மாதச் சாரலை வைத்து ஆண்டு முழுதும் பிழைக்க வேண்டியவை. அருவிக்கடியில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு விலை கேட்கும் நிதானம் இருக்காது என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் கூட்டம் கலைந்து விலை இறங்குமே எனின், இறங்காது. குளிக்க வந்தவர்கள் குளிக்கும் நேரத்தையும் சேர்த்துத் தின்பார்கள் ஆதலின், மிளகாய் பஜ்ஜிக்கு அன்றுதான் தேரோட்டம்.

பெரும்பொழுது இரண்டு. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலை ஊதும் ஆனி முதல் ஆவணி வரை ஒன்று. சபரிமலைக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கிக் குளிக்கும் கார்த்திகை முதல் தை வரை மற்றொன்று. மாசி, பங்குனியில் எல்லாம் மலிவு. அருவியில் தண்ணீர்தான் இருக்காது. அதற்கு இந்நூல் பொறுப்பல்ல.

நித்தியக் கடைக்கு எங்கே போவது? டவுன் பஸ் ஏறினால் ஐந்தாறு கிலோமீட்டரில் தென்காசி. கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும், 2019-இல் மாவட்டத் தலைநகரம் ஆனபின் கலெக்டர் ஆபீசுக்கும் வந்துபோகிற சனம் அங்கே சாப்பிடுகிறது. இன்று அவர்களிடம் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினால் நாளைக்கு அவர்கள் பக்கத்துக் கடையில் இருப்பார்கள்.

இது குற்றாலத்துக்கு மட்டும் உரிய விதி அன்று. வெனிஸ் நகரத்து செயின்ட் மார்க் சதுக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தால், பக்கத்தில் வாசிக்கிற இசைக்கும் சேர்த்துப் பில் வரும். சந்துக்குள் போய் நின்றபடியே குடித்தால் காபிக்கு மட்டும் கொடுத்தால் போதும். நம் ஊரில் இசைக்குப் பதில் ஏசி அறை.

2. மரபியல்

முதற்கடை வழிக்கடை சார்புக்கடை என
மும்மைத்து என்ப புரோட்டாக் கடையே.

உரை: நன்னூலார் நூல்களைப் பிரித்த வகையிலேயே புரோட்டாக் கடைகளும் அடங்கிவிடுவது வியப்புக்குரியது. முதற்கடைக்குச் சான்று, செங்கோட்டையை ஒட்டிய பிரானூரில் உள்ள பார்டர் ரஹ்மத் கடை. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் பிரானூர்தான் எல்லை. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லை மேற்கே புளியரைப் பக்கம் போய்விட்டது. 'பார்டர்' என்ற பேர் மட்டும் புரோட்டாவோடு தங்கிவிட்டது. அந்தப் பேரைத் தங்கள் பலகையிலும் எழுதிக்கொண்டவை வழிக்கடை. சென்னையிலும் அவை உண்டு. அங்கே எந்த பார்டர் என்று கேட்பது நாகரிகம் ஆகாது.

பேரும் புகழும் இன்றி, பொழுது சாய்ந்ததும் தென்காசித் தெருமுனையில் கல்லைப் போடுவது சார்புக்கடை. மலிவு இங்கேதான். வாழையிலையில் சின்னச் சின்னப் புரோட்டா சூட்டோடு விழும். பரிமாறுகிறவரே அதைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுவார். அது ஊறுகிற வரைக்கும் கை வைக்காமல் இருப்பதே இவ்விடத்து ஒழுக்கம். சால்னாவுக்கு விலை கிடையாது. இரண்டாம் தடவை கேட்டால் முகம் சுளிக்காத கடை உத்தமம். கேட்குமுன்னே "இன்னும் ஊத்தவா அண்ணாச்சி?" என்பது உத்தமோத்தமம். ஆனால் புரோட்டா பில்லை ஏற்றாது. பக்கத்தில் வந்து உட்காரும் கோழியும் காடையுமே ஏற்றும். கண்ணை அடக்குக.

3. வடையியல்

எண்ணுவோன் தின்போன், எழுதுவோன் இல்லை;
வடைக்கணக்கு என்பது மனக்கணக் காகும்.

உரை: ஸ்பெயின் தேசத்தில் மதுக்கோப்பையோடு வரும் சிறுதீனிக்குத் தபாஸ் என்று பெயர். கிரனாடா நகரத்தில் கோப்பைக்குக் காசு கொடுத்தால் தீனி இலவசம். பாஸ்க் நாட்டில் ஒவ்வொரு துண்டிலும் ஒரு குச்சி குத்தியிருக்கும். தின்று முடித்தபின் தட்டில் கிடக்கும் குச்சியை எண்ணிக் காசு வாங்குவார்கள். தென்காசி டீக்கடை குச்சிப் பருவத்தைத் தாண்டியது. கண்ணாடிப் பெட்டியில் ஆமவடை, உளுந்தவடை, பஜ்ஜி. நாமே கை விட்டு எடுத்து, பழைய வாரப் பத்திரிகைத் தாளில் வைத்து அமுக்கி எண்ணெயைப் பிழிந்துவிட்டுத் தின்னலாம். கிளம்பும்போது "என்ன சாப்ட்டிய?" என்பார். "ரெண்டு வடை, ஒரு டீ." அவ்வளவுதான் தணிக்கை. மூன்று தின்று இரண்டு சொல்வோர் உளரோ எனின், உளர். அது கடைக்காரருக்கும் தெரியும்; அடுத்த நாள் டீயில் தெரியும்.

4. அறிகுறியியல்

வேட்டியை மடித்துக் கட்டியோன் உண்ணும்
கடையே கடைகளுள் தலையெனப் படுமே.

உரை: உள்ளூர்க்காரன் சாப்பிடும் கடை என்றவாறு. ஆட்டோக்காரர் இருவர், சீருடையில் ஒரு கண்டக்டர், பை வைத்த ஆசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் அமர்ந்திருந்தால் யோசிக்காமல் நுழைக. வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுத்தால் நடையை எட்டிப் போடுக. பலகையில் நான்கு மாநிலச் சாப்பாடும் எழுதியிருந்தால் ஒன்றும் உருப்படியாக இராது. விலைப்பட்டியல் தொங்காத இடத்தில் உட்காருமுன் கேட்க. கை கழுவியபின் கேட்டுப் பயனில்லை.

5. ஒழிபியல்

காசு கொடுத்தால் கிடைக்காதவையும் உண்டு. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வீட்டுச் சமையல்; ஓட்டலில் அபூர்வம். சொதி என்பது கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைக்குப் போடும் மறுவீட்டு விருந்தில் ஊற்றும் குழம்பு. அதை முறைப்படி சாப்பிட இந்தப் பக்கம் பெண் எடுக்க வேண்டும். அது மலிவான வழி அன்று.

குற்றாலத்தில் குடியிருந்த ரசிகமணி டி.கே.சி. வீட்டில் ராஜாஜி, கல்கி முதலானோருக்கு இலையும் கம்பனும் சேர்ந்தே விழுந்தன. பில் கிடையாது. கவிதையைக் காது கொடுத்துக் கேட்பதே கட்டணம். 1954-இல் அவர் மறைந்தபின் அவ்வகை வழக்கொழிந்தது.

புறனடை

சொல்லா தொழிந்த கடைகளும் உளவேல்
பசித்தவன் கண்டு பட்டியல் சேர்க்க.

உரை: இவ்வளவும் மறந்து போனாலும் குற்றமில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: குற்றாலத்தில் குளியுங்கள், தென்காசியில் சாப்பிடுங்கள்.