ஹிமாத்ரியிலும் இப்போது சீசன்தான்!

ஆர்க்டிக் பகுதியில் நம் நாட்டுக்கு ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது என்று சென்ற வாரம் ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்குத் தென்காசி வட்டாரத்திலிருந்து மட்டும் அத்தனை கேள்விகள்! சாரலில் நனைந்துகொண்டே குளிரைப் பற்றிப் பேச நம்மவர்களைவிட யாருக்கு உரிமை? இந்த வாரம் முழுக்க அதுவே.

கேள்வி: அந்த நிலையத்துக்கு என்ன பேர், எங்கே இருக்கு அண்ணாச்சி? – ஒரு வாசகர், இலஞ்சி

பேர் ஹிமாத்ரி. நார்வேக்கு வடக்கே சுவால்பார்ட் என்ற தீவுக்கூட்டம். அதில் நி-ஓலசுண்ட் என்ற சின்னக் குடியிருப்பு. 2008 ஜூலை 1 அன்று திறந்தார்கள். கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் அதை நடத்துகிறது. தென்காசி 9 டிகிரி வடக்கில் இருக்கிறது, ஹிமாத்ரி ஏறக்குறைய 79-இல். அங்கிருந்து வடதுருவத்துக்கு 1,200 கிலோமீட்டர் சொச்சம். நம்மூரிலிருந்து மும்பைக்கு வானத்தில் நேர்கோடு போட்டால் வருகிற தூரம்.

கேள்வி: எங்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் பிழைப்பு. அவர்களுக்கு? – பழக்கடைக்காரர், குற்றாலம்

அவர்களுக்கும் அதே மூன்று மாதம்தான்! குளிர்காலத்தில் முப்பது நாற்பது பேர் இருக்கும் அந்தக் குடியிருப்பில் கோடையில் நூறு பேரைத் தாண்டும். பத்துக்கு மேற்பட்ட நாடுகளின் ஆய்வாளர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். ஜூலை மாதச் சராசரி வெப்பம் 5, 6 டிகிரி. அதுதான் அவர்களுடைய உச்ச கோடை. உங்கள் கடையில் இப்போது மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். அங்கே பழத்துக்கு மரமே கிடையாது. துருவ வில்லோ என்று ஒரு செடி, மர வகைதான், ஆனால் விரல் நீளத்துக்கு மேல் எழும்பாது. காடு என்று அவர்கள் எதையாவது சொன்னால் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள், பாவம்? – ஓர் இல்லத்தரசி, மேலகரம்

அக்கா, கவலை வேண்டாம். எந்த நாட்டு நிலையத்தில் தங்கினாலும் எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டுக்கூடம். குடியிருப்பை நிர்வகிக்கும் நார்வே அரசு நிறுவனமான கிங்ஸ் பே அதை நடத்துகிறது. மணி தவறாமல் சாப்பாடு. அரிசியோ காய்கறியோ அங்கே விளையாது. கப்பலிலும் விமானத்திலும்தான் வர வேண்டும். பனியாற்றில் வேலை செய்கிற இந்தியரும் பறவை பார்க்கிற வெளிநாட்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அன்றைக்குக் கண்டதைப் பேசுகிறார்கள். பாதி அறிவியல் அந்த மேசையில் நடக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும்: சுவால்பார்டில் செருப்பு, பூட்ஸ் எல்லாம் வாசலோடு சரி. நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் கரித்தூசி வீட்டுக்குள் வரக்கூடாது என்று தொடங்கிய பழக்கம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வளர்ந்த பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: அங்கே எந்த நெட்வொர்க் நல்லா எடுக்கும்? – கல்லூரி மாணவர், பாவூர்சத்திரம்

எதுவும் எடுக்காது தம்பி; எடுக்கவும் விடமாட்டார்கள். நி-ஓலசுண்டைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு ரேடியோ அமைதி. கைப்பேசியை ‘ஃபிளைட் மோடில்’ போட வேண்டும். வைஃபை, புளூடூத் மூச்சுவிடக் கூடாது. இணையம் வேண்டுமா, கம்பியில் சொருகு.

காரணம் கேட்டால் மெய்சிலிர்க்கும். அங்கே நார்வேயின் நில அளவைத் துறைக்கு ஒரு விண்ணளவைக் கூடம் இருக்கிறது. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் குவாசார்கள் என்ற விண்பொருள்களிலிருந்து வருகிற மிக மெல்லிய ரேடியோ அலையை அதன் பெரிய கிண்ணங்கள் பிடிக்கின்றன. உலகின் வேறு மூலைகளில் இருக்கும் கிண்ணங்களும் அதே அலையைப் பிடிக்க, எங்கே எப்போது வந்து சேர்ந்தது என்ற வித்தியாசத்தை வைத்து பூமி எப்படிச் சுழல்கிறது, நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறார்கள். உன் கையில் இருக்கும் வழிகாட்டி வரைபடம் சரியாகக் காட்டுவதற்கும் அந்தக் கணக்கு வேண்டும். பக்கத்தில் ஒரு போன் கூவினால் அந்த முணுமுணுப்பு கேட்காது.

கேள்வி: கடையம் பக்கம் தோட்டத்துக்குக் கரடி வந்தாலே நாங்கள் நடுங்குகிறோம். அங்கே வெள்ளைக் கரடியாமே? – விவசாயி, கடையம்

ஆமாம் அண்ணாச்சி, அதுவும் பனிக்கரடி. ஆகவே குடியிருப்பின் எல்லையைத் தாண்டினால் துப்பாக்கியும் ஒளிவேட்டுத் துப்பாக்கியும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். சுடத் தெரியாதவர்களுக்குப் பயிற்சி உண்டு. பாசியை எண்ணப் போனவர் குறிபார்த்துச் சுடவும் கற்க வேண்டியிருக்கிறது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும். ஊருக்குள் வீடுகளை யாரும் பூட்டுவதில்லை; கரடி வந்தால் எவர் வேண்டுமானாலும் எந்தக் கதவையும் திறந்து உள்ளே ஓடலாம். பூட்டாத ஊர் என்று கேட்டதும் திருடன் இல்லாத ஊர் என்றுதான் நினைத்தேன். உயிர் பிழைக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

கரடியைச் சுடுவது கடைசி வழி. அது சட்டத்தால் காக்கப்பட்ட விலங்கு. சுட்டால் சுவால்பார்ட் ஆளுநர் அலுவலகம் ஒவ்வொன்றையும் விசாரிக்கும்.

அன்றாடம் தொல்லை தருவது கரடியைவிட ஆர்க்டிக் ஆலா என்ற சின்னப் பறவை. தரையில் முட்டையிடும். யாராவது கூட்டுக்குப் பக்கத்தில் போனால் தலையிலேயே கொத்தும். உயரமாக எது தெரிகிறதோ அதைத்தான் குறிவைக்கும் என்பதால், தலைக்கு மேல் ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி நடக்கிறார்கள்.

கேள்வி: அதெல்லாம் சரி, வேலை என்ன? – ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை

ஐயா, இதைக் கேட்க ஆள் வரவேண்டும் என்று காத்திருந்தேன். துருவம் என்றதும் கொடி நடுகிற வீரர்தான் நம் கண்முன் வருகிறார். ஹிமாத்ரியில் நடப்பது கம்பு நடுகிற வேலை. வெஸ்ட்ரே புரோகர்பிரீன் என்ற பனியாற்றில் துளையிட்டுக் கம்புகளை இறக்குகிறார்கள். போன தடவை ஒரு மீட்டர் வெளியே தெரிந்த கம்பு இந்தத் தடவை இரண்டு மீட்டர் தெரிந்தால், அந்த இடத்தில் ஒரு மீட்டர் பனிக்கட்டி கரைந்துபோனது. நம் குளத்து மடையில் அளவுகல் பார்க்கிற அதே வித்தை. இடுப்பில் கயிறு, பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள், முதுகில் சுமை. ஒவ்வொரு கம்பாக நடந்துபோய் அளந்து, நோட்டில் எழுதி, அடுத்த கம்புக்கு. ஒரு வருட அளவுக்கு மதிப்பு கொஞ்சம். பத்து இருபது வருடம் விடாமல் எடுத்தால்தான் பனியாறு பேசும்.

கடலிலும் ஓர் அளவுகோல் உண்டு, அதில் நமக்கு நெருங்கிய உறவும் உண்டு. 2014 ஜூலையில் கொங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் இண்டார்க் என்ற கருவித்தொகுதியை நங்கூரமிட்டார்கள். அதை உருவாக்கியதில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்கு உண்டு. நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் எல்லாவற்றையும் ஆளில்லாத இருட்டில் அது குறித்துக்கொண்டே இருக்கும். கோடையில் போய் மேலே எடுத்து, குறிப்பை வாங்கிக்கொண்டு, மறுபடி இறக்க வேண்டும்.

இன்னொன்று, குற்றாலத்துக்காரருக்கு உடனே புரியும். காலையில் முழங்காலளவில் தாண்டிய உருகுநீர் ஓடை, வெயில் ஏறியபின் இடுப்பளவு வந்துவிடும். மேலே என்ன நடக்கிறது என்று யோசித்துத்தான் கீழே கால் வைக்க வேண்டும். பேரருவியில் தண்ணீர் செம்மண் நிறமானால் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றுவது எதற்காக என்று தெரிந்த ஊர் இது.

கேள்வி: சூரியன் மறையவே மறையாதா? எப்படித் தூங்குவது? – ஒரு வாசகி, சுரண்டை

ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை மறையாது. ஜூன் நள்ளிரவிலும் தொடுவானத்துக்கு மேல் 12 டிகிரியில் நிற்கும். கனத்த திரையை இழுத்துவிட்டு, கடிகாரத்தை நம்பிப் படுக்க வேண்டியதுதான்.

கேள்வி: அந்தப் பனிக்காட்டில் அந்த இடத்தை ஏன் பிடித்தார்கள்? – ஒரு வாசகர், ஆய்க்குடி

முதலில் அது சுரங்க ஊர். 1962 நவம்பர் 5 அன்று சுரங்கத்தில் வெடிப்பு. 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். மறுவருடம் சுரங்கத்தை மூடினார்கள். அந்த விவகாரத்தில் நார்வே அரசே கவிழ்ந்தது. காலியான வீடுகளுக்குத்தான் பிறகு ஆய்வாளர்கள் குடிவந்தார்கள். நிலக்கரி இழுத்த சின்ன ரயில் எஞ்சின் இன்னும் அங்கே நிற்கிறது. கரியைத் தோண்டிய ஊரில் இன்று, கரியை எரித்ததால் காற்றில் என்ன ஆயிற்று என்று அளக்கிறார்கள். இறந்துபோன அந்த 21 பேரை நினைக்காமல் அந்த ஊரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அங்கே பனி உருகினால் இங்கே சாரல் குறையுமா? – விடுதி நடத்துபவர், ஐந்தருவி

அப்படி ஒரே வரியில் எழுதித்தர எந்த ஆய்வாளரும் துணியமாட்டார். ஆர்க்டிக் கடல்பனிக்கும் நம் தென்மேற்குப் பருவமழைக்கும் காற்றோட்டத்தின் வழியே தொடர்பு இருக்கிறதா, எப்படி என்று ஆராய்வது நம் ஆர்க்டிக் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அங்கே சூடு ஏறுகிறது என்பதில் சந்தேகமில்லை. 2020 ஜூலையில் சுவால்பார்டின் லாங்யர்பியனில் 21.7 டிகிரி பதிவானது, அதுவரை அங்கே காணாத வெப்பம்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். ஹிமாத்ரிக்குப் போக என்ன செய்ய வேண்டும்? – மாணவி, பண்பொழி

தாயி, பெரிய வழி இது: இயற்பியல், உயிரியல், புவியியல், கடலியல் எதிலாவது ஆழமாகப் படித்து, ஓர் ஆய்வுத் திட்டத்தோடு கோவா மையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உடல் தகுதி பார்ப்பார்கள். ஆஸ்லோ, அங்கிருந்து லாங்யர்பியன், அதற்கப்புறம் பதினான்கு பேர் உட்காரும் குட்டி விமானம். 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலக் குழுவும் போகிறது, ஆகவே நீ வளர்வதற்குள் இடம் கூடியிருக்கும்.

சின்ன வழி இன்றைக்கே தொடங்கலாம். மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கும் டப்பா ஒன்றை எடு. மரத்துக்கும் ஓட்டுக்கும் தள்ளி, திறந்த வெளியில், சாயாமல் வை. தினமும் காலை எட்டரைக்கு உள்ளே ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்று பார்த்துக் குறித்துவிட்டுக் கொட்டிவிடு. வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் மழையளவு எடுக்கிறது. மழையே இல்லாத நாளுக்கும் பூஜ்யம் என்று எழுத வேண்டும், அதை விட்டுவிடாதே. சீசன் முடிந்ததும் அந்த நோட்டை எனக்கு அனுப்பு, இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.