அஞ்சடிக்கு ஏழடிக்குள்ளை ஒரு அரண்மனை

வா மோனை, இரு. உன்ரை புதுப் பாத்றூம் படத்தைக் கொம்மா காட்டினவ. கண்ணாடித் தடுப்பென்ன, சுவரிலை தொங்கிற கொமட்டென்ன, தலைக்கு மேலை தட்டளவு ஷவரென்ன! வடிவாத்தான் கிடக்கு. ஆள் எங்கை ராசா நிக்கிறது?

அறை 5 அடிக்கு 7 அடி, 35 சதுர அடி. வளவு 4 பரப்பு. ஒரு பரப்பு 2,700 சதுர அடிக்கு மேலை வரும். அவ்வளவையும் வெயில் காய விட்டிட்டு, இந்த 35க்குள்ளை சவர்க்காரம் வைக்க இடமில்லையெண்டு கனடாவிலையிருந்து வந்து அழுகிறாய். படிச்ச பிள்ளை, நான் என்னத்தைச் சொல்ல.

முதலிலை கதவைப் பார். ரெண்டரை அடிக் கதவு, உள்ளுக்குத் திறக்குது. கால்வட்டத்தின்ரை பரப்பளவு பள்ளிக்கூடத்திலை படிச்சனிதானே, போட்டுப் பார். கதவு சுழலுற இடம் மட்டும் 5 சதுர அடிக்குக் கிட்ட. ஏழிலை ஒரு பங்கைக் கதவுக்கு எழுதிக் குடுத்தாச்சு! வெளியிலை திறக்கிற மாதிரி மாத்து. அதிலை இன்னொரு நன்மையும் கிடக்கு. என்னைப் போலை கிழடொண்டு உள்ளுக்கை சறுக்கி விழுந்து கதவுக்குக் குறுக்கை கிடந்தாலும், வெளியிலை இழுத்துத் திறந்து தூக்கலாம். இப்ப இருக்கிறபடியெண்டால் கதவை உடைச்சுத்தான் என்னை எடுக்கோணும். கதவு முதிரை. உடைக்க முன்னம் நீங்கள் எல்லாரும் கொஞ்சம் யோசிப்பியள்.

பிறகு சுவர். கொப்பற்றை அப்பர் கட்டின பக்கம் சுண்ணாம்புக்கல்லுச் சுவர், நல்ல மொத்தம். அதிலை அந்த மனுசன் விளக்குமாடம் வைச்சவர். நீ என்ன செய்தனி? மாடத்தை மூடி ரைல்ஸ் ஒட்டி, ஒட்டின ரைல்ஸிலை ஓட்டை போட்டு, அதிலை பிளாஸ்ரிக் தட்டுக் கொளுவியிருக்கிறாய். இப்ப அந்தத் தட்டு உன்ரை முழங்கையிலை இடிக்குதெண்டு முறைப்பாடு! மாடத்தைத் திற. உள்ளுக்கும் ரைல்ஸ் பதி. அடித்தட்டை மட்டும் ஒரு சொட்டு வெளிப்பக்கம் சரிச்சு விடச் சொல்லு, இல்லாட்டிச் சவர்க்காரம் ஊறிக் கூழாப் போகும். மற்றப் பக்கம் நாலங்குலச் சீமெந்துக்கல்லு. அதைத் தோண்டிப்போடாதை, அங்காலை பெரியம்மா படுத்திருக்கிறா.

கதவு நிலைக்கு மேலை, கூரை மட்டும், எவ்வளவு இடம் சும்மா கிடக்கு தெரியுமோ? அதிலை ஒரு இறாக்கை அடி. துவாய், மாசத்துக்கு ஒருக்காத் தேடுற சாமான் எல்லாம் அங்கை போகட்டும். கொமட்டுக்கு நேர மேலை திறந்த தட்டு வையாதை. ஒருநாள் ஷாம்பூப் போத்தில் உள்ளுக்கை பாயும், எடுக்கிறது ஆரெண்டு வீட்டிலை கூட்டம் வைக்க வேண்டி வரும்.

போத்தில் எண்டோடனைதான் ஞாபகம் வருது. உன்ரை தட்டிலை நிக்கிறதிலை அரைவாசி வெறும் போத்தில். கொம்மாவை ஏசாதை. தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடைக்குள்ளை சவர்க்காரத்துக்கு அந்தரப்பட்டு, பனங்களியிலை உடுப்புத் தோய்ச்ச சனம் நாங்கள். சீமெந்தும் தடைதான். 2002இலை ஏ9 பாதை திறந்து லொறியள் வரத் துவங்கினாப் பிறகுதான் எங்கடை ஆக்களுக்கு ரைல்ஸ் விசர் பிடிச்சது. இல்லாமல் இருந்து பாத்தவ எதையும் எறியமாட்டா. அவ கோயிலுக்குப் போற நேரம் பாத்து நீ எறி. நான் சொன்னதெண்டு சொல்லாதை.

கண்ணாடித் தடுப்பை நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. உன்ரை காசு. எங்கடை தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளாலை ஊறி வாறது. கேத்திலுக்குள்ளை பிடிச்சிருக்கிற வெள்ளைக் கல்லைப் பார். அது உன்ரை கண்ணாடிக்கு ஒரு மாசத்திலை திருநீறு பூசிவிடும். சுவருக்குள்ளை தண்ணித்தொட்டியை ஒளிச்சு வைக்கிற கொமட்டும் அப்பிடித்தான். இடம் மிச்சம், மெய்தான். உள்வால்விலை கல்லுப் பிடிச்சா ஆர் திறக்கிறது? கை போக ஒரு மூடி வைச்சுக் கட்டு. இல்லையோ, மேசனின்ரை நம்பரைச் சுவரிலையே எழுதி வை.

இனி ஒண்டு, இது பகிடியில்லை. மூலையை மிச்சம் பிடிக்கக் கொமட்டை மற்றப் பக்கம் திருப்பி, குழியைக் கிணத்துப் பக்கம் வெட்டலாமெண்டு ஆரோ சொன்னவையாம். சொன்னவன் எங்கை தண்ணி குடிக்கிறவன்? எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, நிலத்துக்குக் கீழை கிடக்கிறதுதான் சீவியம். சுண்ணாம்புக்கல்லிலை வெடிப்பும் குகையும். அதுக்குள்ளாலை குழித் தண்ணி கிணத்துக்கு வர வழி கேட்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணியிலை நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலை போகப்படாதெண்டு சொல்லுது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலை அதைத் தாண்டின கிணறுகள் எத்தினையோ. தோட்டத்து உரமும் எங்கடை குழியளும் சேந்து செய்த வேலை. 2024இலை தாளையடியிலை கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கிற நிலையம் திறந்தவை. அதை நம்பி நீ கிணத்தடியிலை குழி வெட்டாதை.

உடுப்புத் தோய்க்கிற மெசினை வெளியிலை, கிணத்தடித் தாழ்வாரத்துக்குத் தள்ளு. உள்ளுக்கை 4 சதுர அடி மிச்சம். கட்டுக்கிணறு, வாழை, கமுகு எல்லாம் கிடக்கு. மத்தியானத்திலை அங்கை நிண்டு ரெண்டு வாளி அள்ளி ஊத்தித் தோய்ஞ்சு பார். அந்த ஷவரை வாங்கின கடை திருப்பி எடுக்குமோ எண்டு நீயே விசாரிப்பாய்.

சரி, எழும்பு. மேசன் வரேக்கை எனக்கும் சொல்லியனுப்பு. தோய்ச்சல் கல்லைப் பிடுங்கிப் பாத்றூம் வாசல்படியாப் போடப்போறாய் எண்டும் ஒரு கதை அடிபடுது. அதிலை மட்டும் கை வை பாப்பம்.