ஏகாந்தப் பிரியர்

தனிமையை நாடுகிறவர்களில் ஒரு சாரார் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போய்விடுகிறார்கள். ஆகையால் அவர்களைப் பற்றி எழுத நமக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. ஏகாந்தப் பிரியர் அந்த இனத்தவர் அல்லர். பத்துப் பன்னிரண்டு பேரைத் திரட்டி, முன்பணம் வசூலித்து, "மனித முகமே கண்ணில் படாத இடத்துக்குப் போகிறோம்" என்று வாக்களித்து, அத்தனை முகங்களையும் தம்முடன் ரயிலேற்றி ஜெய்சல்மேருக்கு அழைத்து வருகிறவர் அவர்.

1156-இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய மஞ்சள் கல் கோட்டை அவர் மனத்துக்கு ஒவ்வாது. அதற்குள் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்களாம். நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரிலுள்ள சம் மணல்மேடுகளோ, கூடாரங்களும் ஜீப்புகளும் ஒலிபெருக்கியுமாகத் தேர்த்திருவிழாக் கோலம் கொண்டிருப்பவை. எனவே, தென்மேற்கே குரி கிராமத்துப் பக்கம் ஓர் ஒட்டகக்காரரைப் பிடித்து, இதுவரை எவரும் காலடி வைக்காத மணலுக்குத் தம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்று ஆக்ஞாபிக்கிறார். "அதற்கென்ன சாப், போகலாம்" என்று கூறி, அந்த நல்ல மனிதர் வழக்கமான இடத்துக்கே அழைத்துச் சென்று, போன வாரத்துக் கூட்டம் விட்டுப்போன அடுப்புச் சாம்பலைக் காலால் மணல் தள்ளி மறைத்துவிடுகிறார். இந்த உபசாரத்துக்கு அவர் தனிக் கட்டணம் கேட்பதில்லை.

வழியில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஒட்டகம் எழுந்திருக்கையில் பின்னங்கால்களையே முதலில் நிமிர்த்துமாதலால், முதுகில் இருப்பவர் பின்பக்கம் சாய்ந்துகொள்ளாவிடில் அதன் கழுத்தை ஆலிங்கனம் செய்ய நேரும் என்று வழிகாட்டி மும்முறை எச்சரித்தும், அச்சமயம் மௌனத்தின் மகிமையைக் குறித்து நம்மவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபடியால், அவர் செவியில் அது விழுவதில்லை. விழுவது அவர்தான். சுதாரித்துக்கொண்டதும், திமிலுக்குள் தண்ணீர் இருப்பதாக எல்லோருக்கும் விளக்குகிறார். அதில் இருப்பது கொழுப்பு என்பதை ஒட்டகத்தோடு பிறந்து வளர்ந்த வழிகாட்டி அறிவார்; ஆனால் விருந்தாளியைத் திருத்துவது பேசிய கூலிக்குள் அடங்காது.

மாலையில் கம்பு ரொட்டியும் கேர்–சாங்கரிக் கறியும் ஆனபின், மாங்கணியார் ஒருவர் கமைச்சா என்னும் வில்வாத்தியத்தை மடியில் சாய்த்துப் பாடத் தொடங்குகிறார். தலைமுறை தலைமுறையாகப் புரவலர் குடும்பங்களின் கலியாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பாடிவரும் குலத்தவர் அவர். அந்தக் குரல் மணல்மேட்டைத் தாண்டி மேலேறும் தருணத்தில், ஏகாந்தப் பிரியர் கையமர்த்தி அதை நிறுத்திவிட்டு, இசை எங்ஙனம் மௌனத்திலிருந்து பிறக்கிறது என்று கால் மணி நேரம் உரைக்கிறார். பாடகர் பொறுமையாகத் தம் வில்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பகலில் காலைச் சுட்ட மணல், ஈரமற்ற வானத்தின் கீழ்ச் சடுதியில் சூட்டை இழந்துவிடுவதால், எல்லோரும் கயிற்றுக் கட்டில்களில் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் புகுந்துகொள்கிறார்கள். "இனி ஒருவரும் பேசலாகாது" என்கிறார் தலைவர். களைப்பினால் உண்மையாகவே ஒருவரும் பேசுவதில்லை. மௌனம் வந்தேவிடுகிறது. சற்றுப் பொறுத்து, வழிகாட்டியின் போர்வையை ஒரு கை இழுக்கிறது.

"என்ன அது?"

"ஒன்றும் கேட்கவில்லையே, சாப்."

"அதைத்தான் ஐயா கேட்கிறேன்!"

ஒட்டகம் அசைபோடுவதைச் சுட்டிக்காட்டியும் பயம் தெளியாமையால், வழிகாட்டி எழுந்து உட்கார்ந்து, மழை பொய்த்ததையும், தீவன விலையையும், வன்னி மரத்துக் காயை உலர்த்தி வைத்திருந்தால் பஞ்சத்திலும் கறிக்குக் குறைவில்லை என்பதையும் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பிரயாணத்தில் அறிந்துகொள்ளத் தக்கதாகப் பேசப்பட்டது இவ்வளவே. அதைக் கேட்டபடி ஏகாந்தப் பிரியர் நிம்மதியாகத் தூங்கிப்போகிறார்.

ஊர் திரும்பிய பின் அந்த இரவின் நிசப்தத்தைப் பற்றிப் பல கூட்டங்களில் பேசி முடித்துவிட்டார். அடுத்த குளிர்காலத்துக்குக் கட்ச் உப்புவெளிக்கு ஆள் சேர்க்கிறார். விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம், தனிமையில் நாட்டம் வேண்டுமென்பதில்லை, காது நன்றாகக் கேட்டால் போதும்.